மாத்திரை முதலில் தோற்க வேண்டும்

ஆளுநர் அந்தச் சட்டத்தில் பதினேழு பேனாக்களால் கையெழுத்துப் போட்டார். எங்கள் மாநிலத்தில் அது வழக்கம். ஒரு பேனாவால் ஒரு கோடு, அடுத்த பேனாவால் ஒரு வளைவு என்று இழுத்து முடிப்பதற்குள் பின்னால் நிற்கும் எல்லோருக்கும் ஆளுக்கொரு பேனா கிடைத்துவிடும். அன்றைக்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று. வெர்லீன் ஸ்டிடமுக்குக் கிடைத்தது, ஆளுநர் பெயரின் நான்காவது எழுத்தில் மேல்பாதியை மட்டும் எழுதிய பேனா. நீல வெல்வெட் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

விழா எங்கள் க்ராப்ட்ரீ ஃபோர்க் உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் நடந்தது. வலி மாத்திரையால் மாநிலத்திலேயே அதிகம் பேர் செத்த ஊர் என்பதால் அந்த மரியாதை எங்களுக்கு. வலிக்கு அபின் வகை மாத்திரை தவிர மற்ற சிகிச்சைகளையும் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் ஊக்குவிக்க வேண்டும், மாத்திரைக்கும் அவற்றுக்கும் இடையே பாரபட்சம் காட்டக்கூடாது என்று சட்டம் சொன்னது. நல்ல சட்டம். நானும் கை தட்டினேன்.

ஆளுநர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது. கட்டாயம் நம்ம பண்பாடே இல்ல. ஊக்குவிக்கிறதுதான் நம்ம பண்பாடு. இருபது வருஷம் முந்தி மாத்திரைக் கம்பெனிங்களையும் நாம இப்படித்தான் ஊக்குவிச்சோம். அவங்க எவ்வளவு வளர்ந்தாங்கன்னு நீங்களே பார்த்தீங்க."

அதற்கும் கை தட்டினோம்.

நான் ஹோபார்ட் லன்ஸ்ஃபோர்ட். ஊரின் ஒரே மருந்துக்கடை என்னுடையது. எல்லோரும் என்னை 'டாக்' என்பார்கள். நான் டாக்டர் இல்லை. பதினைந்து வருடங்களுக்கு முன் ஊரில் இரண்டாயிரத்து இருநூறு பேர் இருந்தோம். ஒரே வருடத்தில் நான் கொடுத்த வலி மாத்திரைகளைத் தொட்டில் குழந்தை உட்பட எல்லோருக்கும் பங்கு போட்டால் தலைக்கு நானூறு வரும். எல்லாம் சீட்டுப்படி, சட்டப்படி கொடுத்தது. ஒரு அதிகாரியும் என்னைக் குறை சொன்னதில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த நானூறில் வெர்லீனின் பங்கும் உண்டு. அப்போது அவள் முதியோர் இல்லத்தில் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டும் வேலையில் இருந்தாள். முதுகு போயிற்று. மாத்திரை எழுதினார்கள், நான் கொடுத்தேன். நாலு வருடத்தில் வீடு போயிற்று, கணவன் போனான். அதே பாட்டிலில் கை வைத்த அவள் தங்கை ட்வைலா போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு வெர்லீன் எப்படி எழுந்தாள் என்பது அவளுக்கும் சர்ச் நிலவறையில் நடக்கும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மாத்திரை தொடாத ஒவ்வொரு வருடத்துக்கும் அங்கே ஒரு வெண்கல வில்லை கொடுப்பார்கள். ஒன்பது வில்லைகள் வைத்திருந்தாள்; ஆளுநருக்குப் பின்னால் அவளை நிறுத்தியது அதனால்தான். ஏழு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள், பதினாலாம் எண். அந்த வளைவுகளில் அவளைப் போல ஓட்ட ஆளில்லை.

சட்டம் ஜனவரியில் வந்தது. பிப்ரவரியில் பேருந்தின் படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்தாள். பழைய முதுகு, அதே இடம். இடது கால் முழுக்க வலி இறங்கியது. கிளினிக்கில் பன்னிரண்டு முறை பிசியோதெரபி, நரம்புக்கு ஒரு ஊசி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"மாத்திரை வேணாம்னு அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன், டாக். இப்பதான் சட்டமே வந்திருக்கே," என்று சிரித்தபடி சீட்டை என்னிடம் காட்டினாள். "நானே பின்னால நின்னு பார்த்தேன்ல."

கோடை விடுமுறை முடிந்து ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி பள்ளி திறக்கும். அதுவரை வேறொருவர் ஓட்டிக்கொள்வார். அன்றைக்கு அவள் ஓட்டுநர் இருக்கையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் வேலை போகும், வேலையோடு இன்சூரன்சும் போகும். மாத்திரை சாப்பிட்டால் ஓட்டுநர் சோதனையில் தெரிந்துவிடும், அப்போதும் வேலை போகும். அதைவிடப் பெரியது, வெர்லீனே போய்விடுவாள். ஆகவே அவளுக்கு வேண்டியது பன்னிரண்டு பிசியோதெரபியும் ஒரு ஊசியும்தான். அவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் அதைக் கொடுக்காமலிருக்கச் செய்த ஏற்பாடுகள்.

அவளுடைய இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வம்பில் மாட்ட விரும்பவில்லை. விளம்பரத்தில் ஒரு நாய்க்குட்டி வரும். நாய்க்குட்டிக் கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம்.

சட்டம் ஊக்குவிக்கச் சொன்னதல்லவா? கம்பெனி உடனே ஊக்குவிப்புப் பிரிவு என்று ஒன்றைத் திறந்தது. வெர்லீனுக்கென்று டெலானி என்ற ஊக்குவிப்பு அலுவலரை நியமித்தது. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பெண் போன் செய்வாள். வெர்லீன் வசிக்கும் பள்ளத்தாக்கில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. அதனால் என் கடை எண்ணைக் கொடுத்திருந்தாள். அவளால் உட்கார முடியாது என்பதால் ஸ்பீக்கரில் போட்டு, கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றபடி பேசுவாள்.

"வணக்கம் வெர்லீன், நான் டெலானி. இந்த உரையாடல் உங்க நன்மைக்காகப் பதிவு செய்யப்படுது. இன்னிக்கு எப்படி இருக்கீங்க?"

"இடுப்புலேர்ந்து குதிகால் வரைக்கும் நெருப்பு வச்ச மாதிரி இருக்கு, கண்ணு."

"அருமை. அதையும் மாத்திரை இல்லாம சமாளிக்கிறீங்க. எங்க எல்லாருக்கும் பெருமையா இருக்கு."

"பிசியோதெரபிக்கு அனுமதி எப்ப வரும்?"

"அது அனுமதிப் பிரிவு மேடம். நான் ஊக்குவிக்க மட்டும்தான். உங்களால முடியும்."

இப்படி ஐந்து செவ்வாய்க்கிழமைகள். ஆறாவது வாரம் வெர்லீனுக்கு ஒரு பெட்டி வந்தது. அதில் நாய்க்குட்டி படம் போட்ட காபிக் கோப்பை ஒன்று, காலை மாட்டி இழுத்துப் பயிற்சி செய்ய மஞ்சள் ரப்பர் பட்டை ஒன்று, ஒரு கையேடு. பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இல்லாமல் பயிற்சி எதையும் செய்யக்கூடாது என்று கையேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பில் போட்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு சுற்றறிக்கை. மாத்திரைக்கும் மற்ற சிகிச்சைக்கும் பாரபட்சம் கூடாது என்று சட்டம் சொல்வதால், மாத்திரைக்கு உள்ள எல்லாப் பாதுகாப்பு விதிகளும் இனி ரப்பர் பட்டைக்கும் உண்டு. பயன்படுத்தாத நேரத்தில் பட்டை என் கடையின் போதைமருந்துப் பெட்டகத்தில்தான் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போகும்போது பதிவேட்டில் கையெழுத்து. பட்டையை யாருக்கும் விற்கவோ இரவல் கொடுக்கவோ மாட்டேன் என்று வெர்லீன் ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். மாத்திரைக்காரர்களைக் கூப்பிடுவதுபோல அவளையும் திடீரென்று கூப்பிடுவார்கள். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பட்டையோடு கடைக்கு வந்து எண்ணிக்கை காட்ட வேண்டும்.

ஏப்ரலில் இரண்டு முறை கூப்பிட்டார்கள். ஒன்பது மைல் தூரத்தைப் பக்கத்து வீட்டு லாரியின் பின்தட்டில் குப்புறப் படுத்தபடி கடந்து வந்தாள். நான் பட்டையை மாத்திரை எண்ணும் தட்டில் வைத்து எண்ணினேன். ஒன்று. பதிவேட்டில் ஒன்று என்று எழுதினேன். சாட்சிக் கையெழுத்துக்குக் கடையில் பால் பவுடர் வாங்க வந்திருந்த பாஸ்டரைப் பிடித்தேன். அவர் ரொம்ப நேரம் பட்டையைப் பார்த்துவிட்டு, நிஜமாகவே ஒன்றுதான் என்று கையெழுத்திட்டார்.

மே மாதம் அனுமதிப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்படவில்லை என்ற நல்ல செய்தி முதல் வரியில். படிப்படியான சிகிச்சை விதி என்று ஒன்று உண்டாம். விலை மலிவான சிகிச்சை முதலில் தோற்க வேண்டும், தோற்றபிறகுதான் அடுத்தது. மலிவானது மாத்திரை. எனவே முப்பது நாள் மாத்திரை சாப்பிட்டு, அது தோற்றது என்று நிரூபித்தால் பிசியோதெரபி.

மாத்திரை எனக்கு ஏற்கெனவே தோற்றாயிற்று, என்னையும் சேர்த்துத் தோற்கடித்தாயிற்று என்று மேல்முறையீடு செய்தாள். விசாரணை என் கடையின் பின்னறையில், கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. கம்பெனியின் தலைமை மருத்துவர் ஆகில்ஸ்பி தோன்றினார். பணியில் இருந்த காலத்தில் அவர் தோல் மருத்துவராம். முகம் பளபளவென்று இருந்தது. பழைய மருத்துவக் குறிப்புகளை எல்லாம் கவனமாகப் படித்திருந்தார். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"ஸ்டிடம் மேடம், உங்க வலி அளவு பத்துக்கு எட்டு இருந்தது. மாத்திரை ஆரம்பிச்ச ரெண்டாவது வாரமே ஒண்ணுக்கு வந்திருக்கு. நாலு வருஷமும் ஒண்ணுதான். இதை நாங்க தோல்வின்னு எப்படி எடுத்துக்கிறது? எங்க கணக்குல உங்களை மாதிரி மாத்திரை நல்லா வேலை செஞ்ச நோயாளியே கிடையாது."

"என் தங்கச்சி செத்துப்போனா, டாக்டர்."

"வருத்தமான விஷயம். ஆனா அவங்க எங்க உறுப்பினர் இல்லையே. வீடு, கணவர், போதை, இதெல்லாம் மனநலப் பிரிவு. நான் பார்க்கிறது முதுகு. முதுகைப் பொறுத்தவரைக்கும் மாத்திரை ஜெயிச்சிருக்கு."

வெர்லீன் பையிலிருந்து ஒன்பதாவது வில்லையை எடுத்துத் திரைக்கு முன்னால் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அந்த வில்லையை நிறுவனம் ஏற்றுக்கொள்வதில்லை என்றார், கூப்பன் என்று நினைத்துக்கொண்டு.

இதன்பின் நடந்ததற்கு நான் பொறுப்பு. யோசனை என்னுடையது. ரொம்பப் புத்திசாலித்தனமான யோசனை என்று அன்றைக்கு நினைத்தேன். சீட்டு வாங்கிக்கொள், நான் மாத்திரையைக் கொடுத்ததாகப் பதிவேன், ஆனால் பாட்டில் என் பெட்டகத்திலேயே இருக்கட்டும், முப்பது நாள் கழித்துத் தோற்றுவிட்டது என்று எழுதிவிடுவோம் என்றேன். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"என் பேர் எழுதின பாட்டில் ஒண்ணு உலகத்துல இருக்கும்ல, டாக்."

"பெட்டகத்துல இருக்கும். சாவி என்கிட்ட."

"அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்ல."

இருந்தாலும் வேறு வழி தெரியாமல் சம்மதித்தாள். ஜூன் முதல் வாரம். பிசியோதெரபிக்கு நான்கு மாதமாகக் காத்துக் கிடந்த அதே கம்ப்யூட்டரில் மாத்திரைச் சீட்டைத் தட்டினேன். நான்கு விநாடியில் அனுமதி வந்தது. நோயாளி செலுத்த வேண்டியது பூஜ்யம். பாட்டிலில் பெயர் ஒட்டி, அவள் திருப்பிக் கொடுத்திருந்த ரப்பர் பட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன்.

பதினைந்தாவது நாள் சிறுநீர்ச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். மாத்திரைக்காரர்களுக்கு அது விதி. எனக்கு மறந்தே போயிருந்தது, முப்பத்தெட்டு வருடத் தொழில் எனக்கு. முடிவு வந்தது: சுத்தம். ஏழு வருடமாக அவள் வேலைக்காகக் கொடுத்த ஒவ்வொரு சோதனையும் அப்படித்தான் வந்தது, ஒவ்வொரு தாளையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். இந்த முறை சுத்தம் என்பதே குற்றச்சாட்டு. கடிதம் சொன்னது: உறுப்பினர் மாத்திரையை வெளியில் விற்றிருக்க வேண்டும், அல்லது மாத்திரை தேவைப்படாத அளவுக்கு வலி குறைவாக இருக்க வேண்டும். முதலாவது என்றால் போலீஸ். இரண்டாவது என்றால் பிசியோதெரபியும் தேவையில்லை. எழுதிக் கொடுத்தபடி மாத்திரையைச் சாப்பிட்டு ஒத்துழைத்தால் விண்ணப்பம் மறுபடி பரிசீலிக்கப்படும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டெலானியின் குரலில் உற்சாகம் சற்றுக் குறைவாக இருந்தது. "எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமா இருக்கு வெர்லீன். ஆனா நம்பிக்கையை விடல. உங்களால முடியும்."

ஜூலை இரண்டாம் தேதி சட்டத்தின் அரையாண்டு வெற்றி விழா, அதே கூடைப்பந்து அரங்கில். ஆளுநர் வரவில்லை, இன்சூரன்ஸ் ஆணையரை அனுப்பியிருந்தார். பேனா வாங்கிய பதினேழு பேரும் மேடைக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும் என்று அழைப்பு. வெர்லீன் போனாள். ஆணையரிடம் நேரில் சொல்லிவிடலாம், மனுஷன்தானே, கேட்பார் என்றாள். இரண்டு மணி நேரம் பார்வையாளர் படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மேலுதட்டில் வியர்வை கோத்திருந்ததை நான் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டம் வந்த நாள் முதல் மாத்திரையல்லாத சிகிச்சைக்கான ஒரு விண்ணப்பம்கூட நிராகரிக்கப்படவில்லை என்று ஆணையர் அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. அது அடங்கியதும் வெர்லீன் வரிசையிலிருந்து பேசினாள். மைக் இல்லை, ஆனால் ஐம்பது பிள்ளைகளைக் கத்தி அடக்கிய தொண்டை.

"எத்தனை பேருக்கு அனுமதி கொடுத்தீங்க, ஐயா?"

ஆணையர் அன்போடு திரும்பினார். "நல்ல கேள்வி. அதை இன்னும் நாங்க எண்ண ஆரம்பிக்கல. அவசரப்பட்டு எண்ணினா கம்பெனிங்களோட ஆர்வம் குறைஞ்சிடும். சட்டம் குழந்தை மாதிரி, இப்பதான் ஆறு மாசம். அதுகிட்ட வேலை வாங்கக் கூடாது." பிறகு அவள் தோளில் கை போட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். அவர் கை விழுந்த கனத்தில் அவள் முகம் கோணியது. மறுநாள் மாவட்டப் பத்திரிகையில் அதைப் புன்னகை என்று போட்டிருந்தார்கள்.

ஏழு நாள் கழித்து, காலையில் கடையைத் திறக்கும்போதே வாசலில் நின்றிருந்தாள். சட்டையின் முழங்கை இரண்டும் அழுக்கு.

"அந்தப் பாட்டிலைக் குடுங்க, டாக்."

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துத் தோழியைக் கூப்பிடட்டுமா என்றேன். இரண்டு நாளாக அவள்தான் துணைக்கு இருந்தாளாம், அவளுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறதே என்றாள். பஸ் போய்விடுமே வெர்லீன் என்றேன்.

"பஸ்ஸெல்லாம் இப்ப மனசுல இல்ல. இன்னிக்குக் காலையில கழிப்பறைக்குத் தவழ்ந்து போனேன். போய்ச் சேரல." வாசல் கதவைப் பிடித்துக்கொண்டாள். "முப்பது நாள்தான? தோத்துதுன்னு காட்டிட்டா தெரபி குடுப்பாங்கல்ல? எழுதியிருக்காங்கல்ல?"

எழுதியிருந்தார்கள். பாட்டிலில் அவள் பெயர்; சட்டப்படி ஜூன் மாதமே அவளுக்குச் சேர வேண்டிய பொருள். கொடுக்க மாட்டேன் என்று நான் சொன்னால் அதை ஒரு மாதம் வைத்திருந்த குற்றம் என்மேல் வரும், கடை போகும். இதை யோசிக்க எனக்கு அரை நிமிடம் பிடித்தது. அந்த அரை நிமிடத்துக்காக நான் வெட்கப்படுகிறேன். பயந்தேன், கொடுத்தேன். எண்ணிக் காட்ட வேண்டும் என்பது விதி. எண்ணாதீங்க, சத்தம் கேக்குது என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு அவளைச் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் பார்த்தேன். முதல் வாரம் நிமிர்ந்து வந்தாள். இரண்டாவது வாரம் தானே காரோட்டி வந்தாள். இந்த முறை சிறுநீரில் மாத்திரை இருந்தது, சோதனையில் தேறினாள், டெலானி வாழ்த்தினாள். அதே சோதனை முடிவு பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கும் போனது, பதினாலாம் எண் வேறொருவருக்குப் போனது. அதைச் சொன்னபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மூன்றாவது வாரம் என் கடையிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் கடையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்மணி சுருங்கி, குண்டூசித் தலை அளவுக்கு இருந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் இந்த ஊரில் எல்லோருடைய கண்ணும் அப்படித்தான் இருந்தது.

முப்பதாவது நாள் ஆகஸ்ட் ஏழு, செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்குப் போன் அடித்தது.

"வணக்கம் வெர்லீன், நான் டெலானி. இன்னிக்கு முக்கியமான நாள். ஒரே ஒரு கேள்விதான், அதை வச்சுத்தான் பிசியோதெரபி முடிவாகும். ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள, உங்க வலி இப்ப எவ்வளவு?"

நான் கவுன்டருக்குப் பின்னாலிருந்து இரண்டு கையையும் தூக்கி எட்டு விரலைக் காட்டினேன். எட்டு. எட்டு என்று சொல், வெர்லீன். உதட்டை அசைத்துக் காட்டினேன். பொய் சொல்லு என்று கும்பிட்டேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், யாருக்கோ நடக்கிற விஷயத்தைப் பார்ப்பதுபோல. பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்.

"ஒண்ணு," என்றாள். "ஒண்ணுதான் கண்ணு. வலியே இல்ல."

"அருமை," என்றாள் டெலானி. மனசார மகிழ்ந்தாள், அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். "அப்போ மாத்திரை ஜெயிச்சிடுச்சு. தோற்கல. பிசியோதெரபி விண்ணப்பத்தை வெற்றின்னு குறிச்சு மூடிடறேன். இனிமே உங்களுக்கு ஊக்கம் தேவைப்படாது, அதனால இது என்னோட கடைசி அழைப்பு. வேலை இருக்கிறவரைக்கும் உங்க இன்சூரன்ஸ் இருக்கும், இந்த மாசக் கடைசி வரைக்கும்னு இங்க காட்டுது. நீங்க சாதிச்சிட்டீங்க, வெர்லீன்."

போன் வைக்கப்பட்டது. வெர்லீன் நாற்காலியிலிருந்து சுலபமாக எழுந்தாள். பையிலிருந்து புதுச் சீட்டை எடுத்து கவுன்டரில் நீவி வைத்தாள். இந்த முறை அறுபது நாளுக்கு.

தட்டினேன். நான்கு விநாடி. பூஜ்யம்.

பதிவேட்டைத் திருப்பி வைத்தேன். கையெழுத்துக்குப் பேனா தேடினேன், அகப்படவில்லை. அவள் தன் பையைத் துழாவி நீல வெல்வெட் பெட்டியைத் திறந்தாள். ஆளுநர் அரை எழுத்துக்கு மேல் எழுதியிராத பேனா, மை நிறைய இருந்தது, தடங்கலில்லாமல் எழுதியது.

நான் தட்டை எடுத்து வைத்து, எப்போதும்போல ஐந்து ஐந்தாக எண்ண ஆரம்பித்தேன்.